ஆறெழுத்தும் ஒரு விரிசலும்

மாங்கூழ் டின் ஏற்றி லே வரைக்கும் போய்
இருபத்தாறாம் நாள் திரும்பிய மாதையன்
வண்டியைக் கழுவும் முன்பே
ரவுண்டானா பக்கம் என் கடைக்கு வந்தான்.
கைப்பேசியில் ஒரு கல்லைக் காட்டினான்.
கணவாய் உச்சியில், பனி ஒட்டிய கல்.
அதில் எழுத்து.
"என்னன்னு தெரியல ஜெசிந்தா,
ஆறுன்னு மட்டும் எண்ணிட்டேன்.
முகப்புல சரவணபவ இருக்கில்ல, அதுவும் ஆறு.
இதைப் பின்னால போட்டுக் குடு."

நான் மாதாகோயில்காரி.
கிருஷ்ணகிரி லாரிகளின் நெற்றியில் இருக்கும்
ஓங்காரங்களில் பாதிக்கு மேல்
என் எட்டாம் நம்பர் தட்டைத் தூரிகை சுழித்தது.
ஓ-வின் கடைசிச் சுழிக்கு மூச்சை அடக்கவேண்டும்,
விட்டால் வால் நடுங்கும்.
எந்தச் சாமிக்கு என்று மூச்சு கேட்பதில்லை.

இது வேறு.
நம் எழுத்து தரையில் சம்மணம் போடும்.
இது மேலே ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு
துவைத்த துணி மாதிரித் தொங்குகிறது.
எது தொடக்கம், எங்கே முடிந்தது?
படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன்,
கல்லின் பொரி தவிர வேறொன்றும் பெரிதாகவில்லை.

தெரிந்த எழுத்தில் கை ஓடிவிடும்.
தெரியாத எழுத்தில்
செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கும்.

சுண்ணாம்பு நூல் அடித்து
மஞ்சள் எனாமலில் இரண்டு பகல்.
நாலாம் எழுத்தின் காலடியிலிருந்து
சாய்ந்து இறங்கியது ஒரு கோடு.
ஆறிலும் அதுதான் அழகு.
அதற்கு மட்டும் தூரிகையை மாற்றினேன்,
மேலே தடித்து, போகப்போக இளைத்து,
எலிவால் முனையாய் முடித்தேன்.
சிவப்பில் ஒரு நிழலும் கொடுத்தேன்.
மாதையன் ஐந்நூறு கூடவே கொடுத்தான்.

கார்த்திகை பிறந்ததும்
பெங்களூர் ரோட்டில் ஸ்வெட்டர் கடை போடுவாள் யாங்சோம்,
பைலகுப்பேயிலிருந்து வருபவள்.
டீக்கு நின்ற லாரியின் பின்னால்
அவள் நிற்பதைப் பார்த்துவிட்டு நானும் போனேன்.
உதடு அசைந்தது. ஓம். மணி.
விரல் நாலாம் எழுத்துக்கு வந்து
கோட்டில் இறங்கி, திரும்ப ஏறி,
மறுபடி இறங்கி,
சிரித்துவிட்டாள்.
"இது அட்சர அல்லா அக்கா.
கல்லு பிருகு."

விரிசல்.
பனி பிளந்ததற்கு
நான் நிழல் கொடுத்திருக்கிறேன்.

காது மடல் சுட்டது.
டர்பன்டைன் துணியோடு ஓடிவந்தேன்.
மாதையன் டீ கிளாஸை டயர் மேல் வைத்தான்.
"நான் எழுத்தையா கேட்டேன்?
அந்தக் கல்லைக் கேட்டேன்.
கல்லு அப்படித்தான் இருந்துச்சு."
கிளாஸை எடுத்துக்கொண்டு
மீதி டீயைக் குடித்தான். அவ்வளவுதான்.

யாங்சோமிடம் பொருள் கேட்டேன்.
மணி என்றாள், தாமரை என்றாள்,
பிறகு தமிழும் போதாமல் கன்னடமும் போதாமல்
இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள்,
பெரிய சைஸ் ஸ்வெட்டருக்குக் காட்டுவது போலவே.

போகும்போது அவளும் ஒரு பலகை கேட்டாள்.
"ஒரே விலை, பேரம் கிடையாது."
வெள்ளைத் தகரம், நீல எழுத்து,
அரைமணி நேர வேலை.
முதல் எழுத்திலேயே கை தானாகச் சுழித்துவிட்டது.
இத்தனை வருஷம் சுழித்த கை.

ஓரே விலை.

சொன்னேன், இதில் ஒரு சுழி கூடுதல் என்று.
தொட்டுப் பார்த்தாள். ஈரம்.
நீலமான விரலைப் பலகையின் முதுகில் துடைத்துவிட்டு
"எஷ்டு?" என்றாள்.
தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

தை வரைக்கும் அது அங்கேதான் நின்றது.
ஸ்கூட்டரை நிறுத்திய எல்லோரும்
அதைப் படித்தார்கள்,
படித்துவிட்டு
பேரம் பேசினார்கள்.